மட்டக்குதிரைக்குக் கம்பளி வேண்டுமா?

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மார்கழி விடியலில் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது சவாரிக் குதிரைகள் வெற்று முதுகோடு நிற்பதைப் பார்க்கிறாராம். "நானே ஸ்வெட்டரும் மஃப்ளருமா போறேன், அதுங்களுக்குக் குளிராதா?" என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: ஊட்டியில் இருக்கும் அவருடைய அண்ணன் ஒரு மட்டக்குதிரை வாங்கியிருக்கிறார், அதற்கு இங்கிருந்து கம்பளிப் போர்வை வாங்கி அனுப்பலாமா?

சென்னைக் குதிரைக்கான பதில் சின்னது. குளிராது. உடையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குச் சுற்றுப்புறம் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே, உடல் சூட்டைக் காக்கக் கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்கத் தொடங்கும். மிதமான குளிருக்குப் பழகிய குதிரைக்கு அந்தக் கீழ்வரம்பு 5 டிகிரி அளவில் இருக்கிறது. கனடாவின் குளிர்காலத்துக்குப் பழகி, முழு மயிரும் வளர்த்துவிட்ட குதிரைக்கோ மைனஸ் 15 வரை கவலையில்லை. மேல்வரம்பு? 25 டிகிரி அளவுதான். சென்னை வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த மேல்வரம்பைத் தாண்டியே கொதிக்கிறது. மார்கழி விடியலின் 21, 22 டிகிரிதான் இந்த ஊர்க் குதிரைக்கு வாய்க்கிற நல்ல காலம். அந்த நேரத்தில் அதன் மேல் கம்பளியைப் போர்த்துவது, பாவம் பார்த்துச் செய்கிற பாவம்.

குளிரைத் தாங்க குதிரையிடம் என்ன இருக்கிறது? பெரிய உடம்பு, கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பளவு குறைவு, சூடு வெளியேறும் வழியும் குறைவு. இது பள்ளிப் பாடம். அடுத்தது குடல். புல்லின் நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும்போது, வேண்டியோ வேண்டாமலோ சூடு பிறக்கிறது. குளிர் என்றதும் கொள்ளை அவித்துக் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொள்ளு "சூடு" என்பது நம் நம்பிக்கை. தசைக்கு வலு சேர்ப்பதில் கொள்ளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவு முழுக்க அடுப்பை அணையாமல் வைத்திருப்பது நார்தான். குளிர் கூடினால் காய்ந்த புல்லைக் கூட்டிப் போடுவதுதான் முதல் வைத்தியம். கீழ்வரம்புக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீனியின் ஆற்றல் சுமார் இரண்டரை சதவீதம் கூட வேண்டும் என்பது ஒரு கணக்கு.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: மயிர்.

குதிரையின் குளிர்கால மயிர் இரண்டு அடுக்கு வேலை செய்கிறது. வெளியே நீளமான, சற்று முரட்டு மயிர். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதாலும், தோல் சுரக்கும் எண்ணெய் பூசியிருப்பதாலும் தூறல் வழிந்து ஓடிவிடும். உள்ளே மெல்லிய, நெருக்கமான மயிர். மயிர் தன்னளவில் பெரிய காப்பான் அல்ல. அதன் இடுக்குகளில் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் காப்பான். குளிர் தாக்கியதும் ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் இருக்கும் குட்டித் தசை சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. நமக்கு மயிர்க்கூச்செறிவது இதே தசையால்தான். நம்மிடம் நிமிர்த்த மயிர் இல்லாததால் வெறும் புள்ளிகளோடு நின்றுவிடுகிறது. குதிரைக்கு அது பலன் தருகிறது. வெயிலில் உலர்த்தித் தட்டிய இலவம்பஞ்சு மெத்தை போல மயிர்ப்போர்வை உப்புகிறது, அடைபட்ட காற்றின் தடிமன் கூடுகிறது. வெயில் வந்து சூடேறினால் தசை தளர்ந்து மயிர் படிகிறது. தடிமனைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் போர்வை எந்தக் கடையிலும் கிடைக்காது.

பனி பெய்யும் நாடுகளில் வெட்டவெளியில் நிற்கும் குதிரையின் முதுகில் பனி அப்படியே படிந்து கிடப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். "ஐயோ" என்று தோன்றும். உண்மையில் அது நல்ல சேதி. 38 டிகிரி உடம்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே பனி உருகாமல் கிடக்கிறது என்றால், உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம்.

இப்போது கம்பளியை எடுத்து மேலே போடுங்கள். கனத்தில் மயிர் படிந்துவிடும். நிமிர்த்தும் தசையால் கம்பளியைத் தூக்க முடியாது. மெல்லிய போர்வை இதில் மிக மோசம்: குதிரையின் சொந்தக் காப்பை அமுக்கிவிட்டு, அதற்கு ஈடாக எதையும் தருவதில்லை. போர்த்துவதாக இருந்தால் இழந்ததற்கு மேலே தரும் அளவுக்குத் தடிமனாகப் போர்த்த வேண்டும். இல்லையேல் சும்மா விட்டுவிட வேண்டும்.

இந்த அமைப்புக்குப் பெரிய எதிரி ஈரம். நீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பலத்த மழை உள்மயிர் வரை நனைத்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது. கூடவே காற்றும் அடித்தால் ஆவியாதல் வேறு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி தேவை. சும்மா நிற்கும் 500 கிலோ குதிரை ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் வறண்ட மைனஸ் 5 டிகிரியைச் சிரித்துக்கொண்டே கடக்கும் குதிரை, 4 டிகிரியில் சாய்ந்தடிக்கும் மழையில் நடுங்குகிறது. வெப்பமானியை மட்டும் பார்த்துப் போர்த்துகிறவர்கள் தவறவிடும் விஷயம் இது.

மயிர் எப்போது வளர வேண்டும் என்று குதிரைக்கு யார் சொல்கிறார்கள்? முதன்மையாகப் பகல் நேரத்தின் நீளம். இருட்டு நீளும்போது மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் சுரக்கிறது. அந்தக் கணக்கை வைத்து உடல் குளிர்கால மயிரை முளைக்க விடுகிறது. ஆஸ்லோவில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஏறக்குறைய 13 மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணிதான். ஊட்டியும் நமக்குப் பக்கத்து அட்சரேகை என்பதால் அங்கும் அதே கதை. ஆனாலும் குளிருக்கும் இதில் பங்குண்டு, அங்கேயே நிற்கும் மட்டக்குதிரைக்கு மயிர் அடர்ந்துவிடும். சமவெளியிலிருந்து நேற்று லாரியில் ஏறிப்போன குதிரைக்கு அது இருக்காது. பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.

ஆகவே அண்ணனுக்கு: குதிரை ஊட்டியிலேயே வளர்ந்ததா, உடம்பு தேறியிருக்கிறதா, மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க ஒரு கொட்டகை இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், தை மாத உறைபனிக்குக்கூடக் கம்பளி வேண்டாம். அந்தக் காசில் காய்ந்த புல்லோ குதிரை மசால் என்ற தீவனப் பயிரோ வாங்கலாம். குட்டி, கிழடு, எலும்பு தெரியும் குதிரை, மயிர் வெட்டப்பட்டது, புதிதாக மலையேறியது என்றால் போர்த்தத்தான் வேண்டும். தண்ணீர் புகாத போர்வையாக, உலர்ந்த முதுகின் மேல். காதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, காது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். போர்வைக்குள் கையை விட்டுத் தோள்பட்டையைத் தொடுங்கள். ஈரமாக இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். குதிரை வியர்வையில் லாதெரின் என்றொரு புரதம் உண்டு. சோப்பு மாதிரி நுரைத்து, எண்ணெய்ப் பிசுக்கான மயிரின் நுனிவரை வியர்வையைப் பரப்பி ஆவியாக்குவதற்கென்றே இருப்பது. போர்வைக்குள் அடைபட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் வீண். காலை எட்டரைக்கு ஊட்டி வெயில் சுள்ளென்று ஏறும்போது போர்வையை எடுக்க ஆள் இல்லையென்றால் போர்த்தவே வேண்டாம்.

இதையெல்லாம் குதிரையிடமே கேட்டுவிட்டால் என்ன? நார்வேயில் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு. 23 குதிரைகளுக்கு மூன்று வெள்ளைப் பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். படுக்கைக் கோடு என்றால் போர்வையைப் போடு, நிற்கும் கோடு என்றால் எடு, வெறும் பலகை என்றால் இருப்பது இருக்கட்டும். மூக்கால் எதைத் தொட்டாலும் ஒரு துண்டு கேரட். ஆக, கேரட்டுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் குதிரைக்கு இல்லை. இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. நல்ல வானிலையில் போர்வை வேண்டாமென்றன. மழையும் காற்றும் குளிருமான நாட்களில் வேண்டுமென்றன. சில குதிரைகள் தங்கள் முறை வரும் முன்பே கனைத்துக்கொண்டு பயிற்சியாளர்களை நோக்கி ஓடி வந்திருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுப் பார்த்தால், "எடு" என்ற பலகை. போர்வைக்குள் வியர்த்து வழிந்திருக்கிறது.

இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்கொரு ஆற்றாமை. செலவு என்று பார்த்தால் பலகை, பெயின்ட், கேரட், கொஞ்சம் பொறுமை. இங்கே இப்படியொரு திட்டத்தை நீட்டினால் "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே அஞ்சுகிறேன். கறுப்புக் குதிரையின் லாடத்தில் மோதிரம் செய்து சனியை விரட்ட ஆயிரக்கணக்கில் கொடுக்கிற ஊரில்தான் இந்தக் கஞ்சத்தனம். 5 டிகிரியும் மைனஸ் 15-உம் குளிர்நாட்டுக் குதிரைகள் தந்த எண்கள். நமக்கு வேண்டியது மறுமுனையின் எண்: சித்திரை மதியத்தில் சென்னைக் குதிரை எதைக் கேட்கும்? 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, மெரினாவில் குதிரைகள் இருக்கின்றன. மூன்று பலகை போதும்: ஒன்று நிழல், ஒன்று மின்விசிறி, ஒன்று முதுகில் ஒரு வாளித் தண்ணீர். கேரட் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.