செல்வம் எந்தக் காட்சியில் இருக்கிறான்? நாவல் மென்பொருள் பாத்திரங்களைக் கணக்கு வைக்கும் விதம்

ஒய்ரைட்டரில் ‘செல்வம்’ என்று ஒரு பாத்திரத்தைச் சேர்த்தால் அவனுக்கு ஓர் எண் கிடைக்கும். 7 என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய நாவலாசிரியரும் நிரலாளருமான சைமன் ஹெய்ன்ஸ் எழுதிய இந்த மென்பொருள், நாவலை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி இட்ட உரைக்கோப்பு) சேமிக்கிறது. முழுப்பெயர், மாற்றுப்பெயர், வாழ்க்கைக் குறிப்பு, நோக்கம் எல்லாம் பாத்திரப் பட்டியலில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். காட்சிகளில் இருப்பவை வெறும் எண்கள். அவற்றில் முதலாவது, யார் பார்வையில் காட்சி நகர்கிறதோ அவருடைய எண். பட்டியலில் செல்வத்தைக் கண்ணனாக்கினாலும் 7 மாறாது, ஒரு காட்சியின் தொடர்பும் அறாது.

நாவல்ரைட்டர் என்ற இன்னொரு மென்பொருள் வேறு வழியில் போகிறது. அதில் எல்லாமே எளிய உரைக்கோப்புகள். பாத்திரக் குறிப்பில் ஓர் அடையாளப்பெயரை எழுதி, காட்சித் தலைப்பின் கீழ் ‘@’ குறியுள்ள வரியில் அதே பெயரைக் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அடியில் அலைகோடு விழும். பெயரே இங்கு இணைப்பு என்பதால், முதல் வரைவிலேயே மாறாத அடையாளப்பெயராக (‘மூத்தவன்’, ‘டீக்கடைக்காரர்’) வைத்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கு எதுவும் கதையின் உரையைத் தொடுவதில்லை. பட்டியலில் பெயர் மாறினாலும் பத்திகளில் பழைய பெயர் அப்படியே கிடக்கும். அதைத் தேடி மாற்றும்போதுதான் தமிழ் தன் வேலையைக் காட்டும்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘முருகன்’ என்பதன் கடைசி எழுத்து ன, அதன்பின் புள்ளி என இரண்டு குறிகள். ‘முருகனை’ என்பதில் புள்ளியின் இடத்தில் ஐகாரக் குறி. ஆகவே ‘முருகன்’ என்று தேடினால் முருகனை, முருகனுக்கு, முருகனோடு எதுவும் அகப்படாது. புள்ளியை விட்டு ‘முருகன’ என்று தேட வேண்டும். சில மென்பொருள்கள் முழு எழுத்தாக மட்டுமே ஒப்பிடும். அங்கே ‘முருக’ வரை குறைக்க வேண்டியிருக்கும். மகரத்தில் முடியும் பெயருக்கு இரண்டு தேடல் தேவை: செல்வம், செல்வமும் இவற்றுக்கு ‘செல்வம’, செல்வத்தை, செல்வத்துக்கு இவற்றுக்கு ‘செல்வத்’. இரண்டாவது தேடலில் யாரோ சொத்தை இழந்த வரியும் வந்து நிற்கும் என்பதால், ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பெயரை மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரே ஈறுள்ள பெயராகத் தேர்ந்தெடுப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும். ‘முருகன’ என்பதைக் ‘கண்ணன’ ஆக்கினால் வேற்றுமை உருபுகள் தாமாகச் சரியாக அமையும். ‘செல்வம’ ஆக்கினால் ‘செல்வமை’, ‘செல்வமுக்கு’ என்று அபத்தமாகும். பாலமுருகன் என்று வேறொருவர் கதையில் இருந்தால் அவரும் பாலகண்ணன் ஆகிவிடுவார். ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கினால் வந்தான், சொன்னான் எல்லாம் கையால்தான்.

கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ‘கௌரி’யின் முதல் எழுத்தைச் சிலர் ஔகாரக் குறியோடு அடிப்பார்கள், சிலர் எகரக் குறியும் ள எழுத்துமாக அடிப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலுக்கோ இரண்டும் வேறு சொற்கள். இருக்கும் ஒரு பெயரைத் தேடல் ‘இல்லை’ என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உரையிலிருந்தே அந்தப் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனை செய்தாலும் பெயர்த் தேடலால் எட்ட முடியாத இடங்கள் நம் நாவல்களில் ஏராளம். விளி வந்தால் ‘முருகா’. மனைவிக்கு ‘இவரு’, தங்கைக்கு ‘அண்ணன்’, ஊருக்கு ‘வாத்தியார்’. ஓர் அத்தியாயம் முழுக்க ஒருவன் நடமாடியும் அவன் பெயர் ஒருமுறைகூட வராமல் போகலாம். அதனால் ஒரு காட்சியை முடித்ததுமே, அடுத்ததைத் தொடும் முன், அதில் யார் யார் இருந்தார்கள் என்று அந்தக் காட்சியின் பட்டியலில் கையால் சேர்த்துவிட வேண்டும். பேச்சில் மட்டும் அடிபட்டவரை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், செத்துப்போன தாத்தா கடைசி அத்தியாயம் வரை எல்லாக் காட்சிகளிலும் உட்கார்ந்திருப்பதாக அறிக்கை வரும். நாவல்ரைட்டரில் அப்படிப்பட்டவர்களைக் குறிக்கத் தனி வகையே இருக்கிறது.