த்ரில்லர்: துளைபோட்ட சொல்லும் அதன் தமிழும்

குற்றக் கதைகளாகவே எழுதிக் குவித்த ஒருவரின் நூல்களைத் தமிழில் வகை பிரித்து அடுக்கப் பாருங்கள், சீக்கிரமே முட்டிக்கொள்ளும். ஒரு நாவலில் கொலையாளி யாரென்று கடைசிவரை தெரியாது. இன்னொன்றில் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த கொலைக்கு முன் அவனைப் பிடிப்பார்களா என்பதுதான் கதை. இரண்டுக்கும் 'மர்ம நாவல்' என்று ஒரே முத்திரை குத்திவிடுகிறோம். முதலாவதற்குச் சரி. இரண்டாவதில் மர்மம் எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் த்ரில்லர் என்பது இந்த இரண்டாவதைத்தான்.

பழைய ஆங்கிலத்தில் 'திரெல்' என்றால் துளை. அதிலிருந்து 'திர்ல்' என்ற வினை வந்தது: துளைத்தல். அப்புறம் ஒலிகள் இடம் மாறி 'த்ரில்' ஆயிற்று, நம் தசை சதை ஆன மாதிரி. மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதே துளைதான். (த்ரில்லருக்கு மூக்கு சொந்தக்காரன் என்று தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.) ஆயுதம் உடலைத் துளைப்பதைச் சொன்ன சொல், 16ஆம் நூற்றாண்டுவாக்கில் உணர்ச்சி உள்ளே பாய்வதற்கும் ஆகிவந்தது. நாமும் 'அந்தப் பேச்சு நெஞ்சைத் துளைத்தது' என்கிறோமே, அந்த வழிதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், படிப்பவரை அப்படி ஆக்கும் கதைக்கே த்ரில்லர் என்ற பெயர் வந்துவிட்டது. ஆக, கொலை, கடத்தல் என்று கதையின் சரக்கைச் சொல்லும் பெயர் இல்லை இது. படிப்பவர் உடம்பில் நடப்பதைச் சொல்லும் பெயர்.

மர்மம் வடமொழிச் சொல். அடிபட்டால் உயிர் போகும் இடம் என்பது அதன் பழைய பொருள். வர்மக் கலையின் வர்மமும் அதுவேதான். இன்றைக்கு நமக்கு அது ரகசியம், விடை தெரியாத புதிர். 'துப்பறியும் நாவல்' என்பதில் வரும் துப்பு, தடயம். பழைய இலக்கியத்தில் துப்புக்கு வலிமை என்றும் பொருள் உண்டு. 'துப்புக் கெட்டவன்' என்ற திட்டில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. துப்பறிபவரே இல்லாத த்ரில்லர்கள் ஏராளம் என்பதால் இந்தப் பெயரும் முழுசாகப் பொருந்தாது.

சரி, எதைச் சொல்வது? திகில், பேய்க் கதைக்குப் போய்விட்டது. விறுவிறுப்பு வெறும் வேகம்; விளையாட்டுப் போட்டிக்கும் அதையே சொல்கிறோம். பரபரப்பைச் செய்திச் சேனல்கள் தேய்த்துத் தேய்த்து மழுக்கிவிட்டன. அகராதிக்காரரைக் கேட்டால் சிலிர்ப்பு என்பார். அது நெருங்கிய சொல்தான், ஆனால் நல்ல பாட்டைக் கேட்டாலும் சிலிர்க்கும்.

என் ஓட்டு பதைபதைப்புக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒருவன் நிற்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் நமக்கு வருவது மர்மமும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை. பதைக்கிறது. 'பதைபதைப்பு நாவல்' நீளம்தான், அட்டையில் அடம்பிடிக்கும். 'பதைப்புக் கதை' என்று சுருக்கினால் உட்கார்ந்துவிடும். மொத்தத்துக்கும் குற்றப்புனைவு என்ற பொதுப்பெயர் இருக்கிறது. அதற்குள் மர்மக் கதை ஒரு பக்கம், பதைப்புக் கதை ஒரு பக்கம். இரண்டும் கலந்த நாவலுக்கு இரண்டு பெயரையும் போட்டுவிட வேண்டியதுதான்.