ஒரு மரத்தின் சாட்சி போதாது

வயல்களுக்கு நடுவே ஒரு தோப்பு. முந்தின நாள் மாலை வீசிய காற்றில் அதில் முப்பது மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. வீடுகள் எதுவும் இடியவில்லை. வீசியது டொர்னேடோ எனப்படும் சுழல்காற்றா, இடிமேகத்திலிருந்து இறங்கித் தரையில் மோதிப் பரவிய கீழிறங்கு காற்றா? மழைத் திரையில் யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. ரேடாரின் கற்றையோ தொலைவு கூடக் கூடத் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகும்; நூறு கிலோமீட்டர் தள்ளி, தரையை ஒட்டி நடப்பது அதற்குத் தெரியாது. கேட்பதற்கு மிச்சமிருப்பவை மரங்கள்தான்.

ஆய்வாளர் ஒவ்வொரு மரமாகப் போகிறார். வேரருகே நின்று நுனியை நோக்கித் திசைகாட்டியைப் பிடித்து, மரம் விழுந்த கோணத்தைக் குறிக்கிறார். இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பதிகிறார். மார்பளவு உயரத்தில் தண்டின் விட்டம், மரத்தின் வகை, வேரோடு சாய்ந்ததா நடுவில் முறிந்ததா என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன.

முறிந்த இடத்தை அவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உரமான மரம் முறிந்தால் வெளிறிய நிறத்தில் நீண்ட சிம்புகளாகக் கிழிந்து நிற்கும். உளுத்த மரமோ பழுப்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிரும். அதைச் சாய்க்கச் சாதாரணக் காற்றே போதும். ஆகவே அதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிப்பது தவறு. மழையில் ஊறிய மண்ணில் நின்ற மரமும் இப்படித்தான், எளிதில் வேரோடு பெயர்ந்துவிடும். ஒரு பக்கமே கிளை கனத்த மரம் காற்றின் திசையை விட்டு விலகி, கனத்த பக்கமாகச் சரியக்கூடும். தனி மரம் பொய் சொல்லும் என்பதாலேயே முப்பதையும் அளக்க வேண்டியிருக்கிறது.

அத்தனை கோணங்களையும் வரைபடத்தில் அம்புகளாகப் போட்டால்தான் விஷயம் துலங்கும். மேலிருந்து குடத்து நீரைக் கவிழ்த்தால் தரையில் நாலாபுறமும் சிதறுவதைப் போல, கீழிறங்கு காற்றில் மரங்கள் வெளிநோக்கி விரிந்து கிடக்கும். சுழல்காற்றில் அம்புகள் அது நகர்ந்த பாதையின் நடுக்கோட்டை நோக்கிக் குவியும். இந்த வேறுபாட்டை உலகுக்குப் பளிச்சென்று காட்டியவர் வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1974 ஏப்ரலில் அமெரிக்காவைத் தாக்கிய டொர்னேடோ வரிசைக்குப் பிறகு விமானத்திலிருந்து காடுகளைப் பார்த்தபோது, சில இடங்களில் மரங்கள் நட்சத்திரம் வெடித்தாற்போல் விரிந்து கிடந்தன. 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் அவர் ஏற்கெனவே பார்த்திருந்த கோலம் அது. கீழிறங்கு காற்று பற்றிய அவருடைய கருத்து அங்கிருந்து முளைத்தது. அவருக்கும் முன்பே, 1920களில், எஸ்டோனியாவின் வானிலை ஆய்வாளர் யோஹன்னஸ் லெட்ஸ்மன் சுழலும் காற்றில் மரங்கள் எப்படி விழும் என்று கணக்கிட்டிருந்தார். அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

பலவீனமான டொர்னேடோவில் சிக்கல் கூடுகிறது. வட அரைக்கோளத்தில் பெரும்பாலான டொர்னேடோக்கள் இடஞ்சுழியாகச் சுழல்கின்றன. சுழலும் வேகம் மணிக்கு 90 கி.மீ., மொத்தமாக நகரும் வேகம் 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதையின் வலப்பக்கம் இரண்டும் கூடி 140; இடப்பக்கம் கழிந்து வெறும் 40. நாற்பதில் நல்ல மரம் விழாது. ஆகவே வலப்பக்க மரங்கள் மட்டும் முன்னோக்கி, சற்றே உள்பக்கம் திரும்பி விழுந்திருக்கும். பார்ப்பவர் சுழலாத நேர்காற்று என்றே எழுதிவிடுவார். பழியை மரத்தின் மேல் போட முடியாது; உள்நோக்கித் திரும்பிய அந்தச் சிறிய கோணத்தை நாம்தான் கவனிக்கத் தவறுகிறோம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களும் இங்கே உதவும். அடியில் கிடப்பது முதலில் விழுந்தது, மேலே கிடப்பது அடுத்து. இரண்டின் திசையும் பல இடங்களில் ஒரே விதமாக மாறியிருந்தால், காற்று திரும்பிய வரிசை கிடைத்துவிடும். சேதம் அகலமின்றி நீளமான பட்டையாக ஓடுவதும் டொர்னேடோவுக்குச் சாதகமான தடயம்.

வேகத்தைக் கணிக்க அமெரிக்காவில் 2007 முதல் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல் பயன்படுகிறது. எவற்றின் சேதத்தைப் பார்த்து வேகத்தைக் கணிப்பது என்று அது பட்டியலிடும் 28 சேதக் குறியீடுகளில் கடைசி இரண்டும் மரங்கள்: அகன்ற இலை மரம் ஒன்று, ஊசியிலை மரம் மற்றொன்று. அகன்ற இலை மரம் வேரோடு சாய்ந்தால் எதிர்பார்க்கும் வேகம் மணிக்குச் சுமார் 146 கி.மீ.; ஆனால் 122 முதல் 190 வரை எதுவாகவும் இருக்கலாம். முதல் படியான பூஜ்யமும் அடுத்த படியான ஒன்றும் சந்திக்கும் 138 கி.மீ. இந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. மண்ணையும் வேரையும் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதுவது எவ்வளவு அபாயம் என்பது இதிலேயே தெரிகிறது.

கனடாவில் 2017இல் தொடங்கிய வடக்கு டொர்னேடோ திட்டம், செயற்கைக்கோள் படங்களில் காட்டின் வடுக்களைத் தேடி, யாரும் பார்த்திராத டொர்னேடோக்களைக் கண்டுபிடித்து வருகிறது. சிறிய தோப்புக்கு ட்ரோன் போதும், ஆனால் அது சீக்கிரம் பறக்க வேண்டும். பாதையை அடைத்த மரங்களை உடனே அறுத்து அகற்றுவார்கள், அகற்றத்தான் வேண்டும். தண்டை அறுத்ததும், வேரும் மண்ணும் சேர்ந்து பெயர்ந்த வேர்த்தட்டு சில சமயம் சடாரென்று பழைய குழியிலேயே நிமிர்ந்து அமர்ந்துவிடும். அப்படி அமராத இடங்களில் தண்டு போன பிறகும் குழி மிஞ்சுகிறது. காற்று வந்த பக்கம் பள்ளம், போன பக்கம் மண்மேடு. இரண்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அம்பு திரும்பக் கிடைத்துவிடும்.