டீவீடியில் எழுதியாயிற்று என்று மூலப் பதிவை அழிக்காதீர்கள்

கடந்த வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள என் கடைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். மிருதங்க ஆசிரியராக இருந்த அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் 50 நிமிடக் கச்சேரியொன்றில் வாசித்திருக்கிறார். எச்.டி. ஒளிபரப்பான அதை, செட் டொப் பொக்ஸில் இணைத்திருந்த வன்தட்டில் பிள்ளைகள் பதிந்து வைத்திருந்தார்கள். இப்போது அவர் இல்லை. ஆண்டுத் திவசத்தன்று மண்டபத்துப் பெரிய திரையில் அந்தக் கச்சேரியைப் போட வேண்டும் என்று சொல்லி, பையிலிருந்து ஒரு டீவீடியை எடுத்து நீட்டினார். மூலப் பதிவு எங்கே என்று கேட்டேன். "அதை அழிச்சுப்போட்டம் தம்பி. கிரிக்கெட் பதிய இடம் காணேல்லை எண்டு மகன் சொன்னவன். இதிலயும் எச்.டி.யாத்தானே இருக்கு?" என்றார்.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இறுவட்டின் உறையில் பொன்னிற எழுத்தில் 'எச்.டி.' என்று அச்சடித்துக் கொடுத்த என் தொழிலைச் சேர்ந்த யாரோ ஒருவர் மேல்தான் வந்தது.

வீட்டு டீவீடி பிளேயரில் ஓடும் டீவீடியில் எச்.டி. என்பது கிடையாது. எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும், எந்தக் கணினியில் எழுதினாலும், விலை கூடிய வட்டு வாங்கினாலும் கிடையாது. எச்.டி. ஒளிபரப்பின் ஒரு முழுப் படத்தில் 1920 க்கு 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) முறை டீவீடியில் இருப்பது 720 க்கு 576, அதாவது 4 இலட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், மிகச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. டீவீடியாக மாற்றும்போது மீதி நான்கு பங்கும் வட்டின் எந்த மூலையிலும் ஒளிந்திருப்பதில்லை, அவை வீசப்பட்டுவிடுகின்றன. ஒரு சாதகக் குறிப்பைச் சிறிதாக்கிப் போட்டோப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திரும்பவும் பெருப்பித்தால் கட்டங்கள் பெரிதாக வரும், கட்டத்துக்குள் எழுதியிருப்பதை வாசிக்க முடியாது. "டீவீடியிலிருந்து திரும்பவும் எச்.டி. ஆக்கித் தாருங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். சிலர் அப்போதும் நம்பாமல், பிளேயரின் முகப்பில் 1080 என்று ஒட்டியிருக்கிறதே என்று வாதாடுகிறார்கள். சிறிய படத்தை இழுத்துப் பெருப்பித்து எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக அனுப்பும் என்பதே அந்த ஒட்டியின் பொருள். இழந்த புள்ளிகளை எந்தப் பிளேயரும் மீட்டுத் தராது. எச்.டி. டீவீடி என்ற பெயரில் வேறொரு வட்டு வகை ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. தோஷிபா நிறுவனம் அதனை 2008 பெப்ரவரியில் கைவிட்டுவிட்டது. உங்கள் கையிலிருப்பது அதுவல்ல.

இன்னொன்றையும் சொன்னால்தான் என் மனம் ஆறும். அந்தக் கச்சேரி 50 நிமிடம். எச்.டி. ஒளிபரப்பு பெரும்பாலும் எச்.264 முறையில் சுருக்கப்பட்டு வருவதால், விநாடிக்கு 9 மெகாபிட் என்று வைத்தாலும் மூலக் கோப்பின் அளவு ஏறத்தாழ 3.4 ஜி.பி.தான் இருந்திருக்கும். சாதாரண வட்டொன்றின் கொள்ளளவு 4.7 ஜி.பி. ஆகவே மூலக் கோப்பை மாற்றாமல், அதே விலையுள்ள இன்னொரு வட்டில் வெறும் கோப்பாகவே எழுதிக் கொடுத்திருக்கலாம். அதை உறைக்குள் வைத்திருந்தால் அம்மா இன்று கலங்கியிருக்கத் தேவையில்லை. ஒரு வட்டின் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

டீவீடியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கண் பார்வை குறைந்த பாட்டியம்மா ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு அதைவிட இலகுவானது இல்லை. ஆனால் அதையும் ஒழுங்காகச் செய்விக்க வேண்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சியை ஒரே வட்டில் திணித்தால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து விநாடிக்கு 3.5 மெகாபிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். டீவீடி பயன்படுத்தும் பழைய எம்பெக்-2 முறைக்கு அது போதாது, கை வேகமாக அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு வட்டாகப் பிரியுங்கள், அல்லது 8.5 ஜி.பி. கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டைக் கேளுங்கள். பரதநாட்டியப் பதிவில் ஆடுபவரின் கை முன்னும் பின்னுமாக நடுங்கினால் புலங்களின் (ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்த இரு பாதிகளின்) வரிசை தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்; ஆட்கள் ஒட்டகச்சிவிங்கி போல நீண்டு தெரிந்தால் அகலத்திரைக் குறிப்பு விடுபட்டிருக்கிறது. எச்.டி.க்கும் டீவீடிக்கும் நிறக் கணக்கு வேறு வேறு என்பதால், அதை மாற்றாமல் விட்டால் கூறைச் சேலையின் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். இவை மூன்றும் எழுதியவரின் கவனக்குறைவு. உங்கள் தொலைக்காட்சியில் பழுது என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம், திருப்பிக் கொடுத்துச் சரியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.

எச்.டி.யாகவே வட்டில் வேண்டுமென்றால் புளூ-ரே பிளேயர் இருக்க வேண்டும். அதன் ஓரடுக்கு வட்டு 25 ஜி.பி. கொள்ளும். பல புளூ-ரே பிளேயர்கள், சாதாரண டீவீடி வட்டில் ஏ.வி.சி.எச்.டி. முறையில் எழுதினாலும் எச்.டி.யாகக் காட்டும். விநாடிக்கு 12 மெகாபிட் வீதம் எழுதினால் 50 நிமிடம் ஒரு வட்டில் அடங்கும். அந்த வட்டைச் சாதாரண டீவீடி பிளேயரில் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எனக்கு இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வழங்குவது என்.டி.எஸ்.சி. முறை, படம் 720 க்கு 480, விநாடிக்கு 29.97 படங்கள். அங்குள்ள பல பிளேயர்கள் நம்முடைய பால் வட்டை ஏற்பதில்லை. இலண்டன் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'ரீஜன் கோட்' (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று வட்டில் போடும் பூட்டு) எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் எழுதும் வட்டில் அப்படி ஒரு பூட்டே போடப்படுவதில்லை.

கோப்பின் பெயரின் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் அது டீவீடியாகிவிடாது. தயவுசெய்து செய்யாதீர்கள், எங்களுக்குத்தான் இரட்டை வேலை. வட்டின் மேல் போல்பொயின்ற் பேனையால் எழுதாதீர்கள். கடதாசி ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விடாதீர்கள். விற்பதற்காகப் படங்களைப் பதிந்துகொண்டு வருகிறவர்களும் வர வேண்டாம்; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எனக்கும் உங்களுக்கும் பொதுவானது.

பல செட் டொப் பொக்ஸ் பெட்டிகள் பதிவை 4 ஜி.பி. துண்டுகளாக வெட்டி எழுதும். முதல் துண்டை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, தனியாவர்த்தனத்தைக் காணவில்லை என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு. கோப்புறையை முழுதாகக் கொண்டு வாருங்கள். இன்னும் சில பெட்டிகள் பதிவைப் பூட்டி எழுதுகின்றன. பதிந்த அதே பெட்டியைத் தவிர வேறெதிலும் அது ஓடாது. அந்தப் பெட்டியைப் பழுதென்று கொடுத்து மாற்றிய நாளிலேயே வன்தட்டிலிருக்கும் பதிவுகள் பயனற்றுப் போகும். பெட்டியை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள், வீட்டில் பெரியவர்களின் பதிவு ஏதாவது இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். அவ்வாறு பூட்டிய பதிவை, பெட்டியின் மஞ்சள் சிவப்பு வெள்ளைக் கேபிள் வழியாகச் சாதாரண தரத்திலாவது நான் பதிந்து தரக்கூடும்.

அந்த அம்மாவின் டீவீடியை, மண்டபத் திரையின் முழு அகலத்துக்கும் பெருப்பிக்காமல் நடுவில் அளவாகப் போடும்படி ஏற்பாடு செய்து கொடுத்தேன். ஒலி நன்றாகவே இருந்தது. மகன் வன்தட்டைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூலப் பதிவை மீட்க முடியுமா என்பது, அழித்த இடத்தின் மேல் எத்தனை கிரிக்கெட் ஆட்டங்கள் பதியப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இனி எதையும் பதிய வேண்டாம் என்று சொல்லி, பெட்டியோடும் அதன் ரிமோட்டோடும் வரச் சொன்னேன். ரிமோட் இல்லாமல் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சென்ற மாதம் மட்டும் மூன்று பேர்.