‘விலை’ என்று கூப்பிட்டால் எந்த விலை திரும்பும்?

தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்துக் கையாளும் பழைய கணினி மொழியான ஃபாக்ஸ்புரோவில் பில் போடும் புரோகிராம் எழுதப் பழகிய நாட்களில் ஒரே ஒரு வரி என்னை அரை நாள் சுற்றவிட்டது. ‘ரிப்ளேஸ் விலை வித் விலை.’ (தட்டியது ஆங்கில எழுத்தில்தான், இங்கே வசதிக்காகத் தமிழில்.) திரையில் வாங்கிய புது விலையை டேபிளில் எழுத வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. புரோகிராம் ஓடியது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. டேபிளைத் திறந்து பார்த்தால் பழைய விலை அப்படியே உட்கார்ந்திருந்தது.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்த வீடு மாதிரிதான் இது. டேபிளில் விலை என்று ஒரு ஃபீல்டு, அதாவது ஒரு பத்தி. நினைவகத்தில் அதே பெயரில் ஒரு மாறி, அதாவது மதிப்பைத் தற்காலிகமாக வைக்கும் பாத்திரம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஃபாக்ஸ்புரோவில் முதலில் தாத்தாதான் திரும்புவார், அதாவது ஃபீல்டு. ஆனால் ‘விலை = 50’ என்று எழுதினால் அந்த 50 பேரன் கைக்குப் போகும். சமக்குறி போட்டால் மாறிக்கு மட்டும்தான் மதிப்பு ஏறும். ஃபீல்டை மாற்ற ரிப்ளேஸ் போன்ற தனிக் கட்டளை வேண்டும். எழுதுவது ஓரிடம், படிப்பது வேறிடம். என் வரி ஃபீல்டில் இருந்த விலையை எடுத்து அதே ஃபீல்டில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு டேபிளையும் ஒரு வேலைப்பகுதியில் திறப்போம். அந்த டேபிள் நடப்பு வேலைப்பகுதியில் திறந்திருந்தால்தான் தாத்தா வீட்டில் இருப்பார். அந்த ஃபீல்டு இல்லாத வேறு டேபிளுக்கு மாறியிருந்தால் ‘விலை’ என்ற அதே பெயர் மாறியை ஒழுங்காகத் தரும். எப்போதோ ஒரு முறை மட்டும் தப்பாக வரும் பில்லைப் போலக் கண்டுபிடிக்கச் சிரமமானது எதுவும் இல்லை.

தீர்வு ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தான்: ‘எம்.விலை’. எம் என்றால் நினைவகம். வேலைப்பகுதிகளுக்கு ஏ முதல் ஜே வரை ஓரெழுத்துப் பெயர்கள் உண்டு. எம் என்பது நினைவகத்துக்கென்று ஒதுக்கிய எழுத்து.

சரி, வேறு வேறு பெயர் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மொழியே நம்மை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. ‘ஸ்கேட்டர் மெம்வார்’ என்றால் நடப்பு ரெக்கார்டின் (டேபிளின் ஒரு வரிசையின்) ஃபீல்டுகள் அதே பெயரில் மாறிகளாக இறங்கிவிடும். திரையில் திருத்தியதும் ‘கேதர் மெம்வார்’ அவற்றைத் திரும்ப டேபிளில் சேர்க்கும். இவ்வளவு வசதியை யார் விடுவார்கள்?

அப்புறம், துடைக்கும் விஷயம். ஒரு பில் முடிந்து அடுத்த பில் தொடங்கும்போது மாறிகளைக் காலி செய்வது வேறு, நீக்குவது வேறு. காலி செய்தால் பாத்திரம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘ரிலீஸ்’ செய்தால் பாத்திரமே போய்விடும். அந்தப் பெயரைக் கேட்டால் மாறி இல்லை என்று பிழை வரும். வந்தால் நல்லதுதான், தப்பு உடனே தெரிந்துவிடும். ஆனால் எம் போடாமல் வெறுமனே ‘விலை’ என்று கேட்டிருந்தால்? மாறி இல்லாத இடத்தில் ஃபீல்டு சத்தமில்லாமல் வந்து நிற்கும். பெயர் வைப்பதில் விட்ட பிழை, துடைக்கும் இடத்தில் வந்து ஒளிந்துகொள்கிறது.

ஃபாக்ஸ்புரோ சேர்ந்த மொழிக் குடும்பத்தின் மூத்தவர் டிபேஸ். 1970களின் கடைசியில், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் வேலை பார்த்த வெயின் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயக் கணக்குக்காகத் தொடங்கிய புரோகிராமிலிருந்து வளர்ந்தது. டிபேஸ் இரண்டில் ஒரே நேரத்தில் 64 மாறிகள்தான் வைத்துக்கொள்ளலாம். அன்று துடைத்தது இடம் போதாமல். பின்னால் வந்தவர்கள் துடைத்தது குழப்பத்துக்குப் பயந்து.

ஒவ்வொன்றாக நீக்க யாருக்குப் பொறுமை? ‘ரிலீஸ் ஆல் லைக்’ என்று எழுதி முன்னெழுத்தையும் ஒரு நட்சத்திரக் குறியையும் போட்டால், அந்த எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் கூட்டமாகப் போகும். அதனால் பில் பகுதியின் மாறிகளுக்கெல்லாம் ‘பில்_’ என்று முன்னொட்டு வைத்தோம். சோம்பேறித்தனமாக ஒரே எழுத்தைக் கொடுத்தால், அதே எழுத்தில் தொடங்கும் அப்பாவி மாறிகளும் சேர்ந்து தொலையும். ‘கிளியர் ஆல்’ இன்னும் முரட்டு ஆள். திறந்திருக்கும் டேபிள்களையும் மூடிவிடும். வெறும் ‘கிளியர்’ திரையை மட்டும் துடைக்கும். திரை வெறுமையானதைப் பார்த்து நினைவகமும் வெறுமையாகிவிட்டது என்று நம்பிய புதியவர்களில் நானும் ஒருவன்.

நினைவகத்தில் மிஞ்சும் மாறி என்ன செய்யும் என்பதற்கு ‘ஐ’ நல்ல உதாரணம். 12 பொருள்களுக்கு ஐ-யை வைத்து எண்ணியபடி திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப். உள்ளே அச்சடிக்கும் ரொட்டீனை, அதாவது தனியாக எழுதி வைத்த துணைப் புரோகிராமை, அழைக்கிறோம். அதுவும் ஐ-யை வைத்தே 5 வரி எண்ணுகிறது. இந்த மொழியில் அழைத்தவரின் மாறி அழைக்கப்பட்டவருக்கும் தெரியும். ரொட்டீன் முடியும்போது ஐ 6. வெளி லூப் அதை 7 ஆக்கி மறுபடி ரொட்டீனை அழைக்கும். மறுபடி 6, மறுபடி 7. தாள் தீரும் வரை அச்சுதான். உள்ளே 20 வரி எண்ணியிருந்தால் நேர்மாறு: முதல் பொருளோடு பில் முடிந்துவிடும்.

ரொட்டீனின் தலையில் ‘பிரைவேட் ஐ’ என்று ஒரு வரி போட்டால் வெளி ஐ தற்காலிகமாக மறைந்து, ரொட்டீன் முடிந்ததும் பழைய மதிப்போடு திரும்பும். 1995இல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ ‘லோக்கல்’ கொண்டுவந்தது. அப்படி அறிவித்த மாறி கீழே அழைக்கும் ரொட்டீன்களுக்குத் தெரியவே தெரியாது, வேலை முடிந்ததும் தானாக மறையும். பெயரிலேயே அதைச் சொல்லும் வழக்கமும் பரவியது: ‘எல்என்விலை’ என்றால் எல் லோக்கல், என் எண். ‘ஜி’யில் தொடங்கினால் பப்ளிக், அதாவது எல்லா ரொட்டீன்களுக்கும் பொதுவானது. பப்ளிக் மாறிகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். புரோகிராமுக்குள் எழுதும் ‘ரிலீஸ் ஆல்’ அவற்றைத் தொடாது, ‘எக்ஸ்டெண்டட்’ என்று கூடவே சொன்னால்தான் போகும்.

யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராம் கையில் வந்தால் நான் முதலில் தட்டுவது ‘டிஸ்ப்ளே மெமரி’. எந்த மாறி, என்ன வகை, என்ன மதிப்பு, யாருடையது என்று வரிசையாகக் காட்டும். ‘எக்ஸ்’, ‘எக்ஸ்1’, ‘டெம்ப்’, ‘டெம்ப்2’ என்று பட்டியல் ஓடத் தொடங்கினால், ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் மேலே படிப்பேன்.