முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறதா? முதலில் மட்டம் பாருங்கள்

செட்டிநாட்டில் பல பழைய வீடுகள் தெருவைவிட நாலைந்து அடி உயரத்தில் கட்டப்பட்டவை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைப் பார்த்து வந்தவர்கள் வைத்த உயரம் என்பார்கள். அந்த உயரம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று வாசற்படியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: எத்தனை படி ரோட்டுக்குள் போயிருக்கிறது? பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுதினார். ரோடு போடும் அன்று தெருக்காரர்கள் நின்று கேட்டால்தான் அது நடக்கும்.

ரோடு ஏறினாலும் பட்டாலைக்குள் (உயரமான உள் கூடத்துக்குள்) பெரும்பாலும் தண்ணீர் வராது. அடி வாங்குவது முற்றமும் பின்கட்டும்தான். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து தூம்பு (வடிகால் துளை) வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போக வேண்டும். ரோட்டோடு வாய்க்காலையும் உயர்த்திக் கட்டிவிட்டால் அந்த வாட்டம் (சரிவு) செத்துவிடும்.

எனவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் மட்டம் பாருங்கள். நீளமான தெளிவான டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மூன்று இடத்து மட்டத்தை ஒரே சுவரில் குறித்துக்கொள்ளுங்கள்: தூம்பு வாயின் அடி, தெரு வாய்க்காலின் அடி, வாய்க்காலின் மேல்விளிம்பு. வாய்க்காலின் அடி தூம்பைவிடத் தாழ்வாக இருந்து, மேல்விளிம்பு மட்டும் உயரமாக இருந்தால், சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. வாய்க்கால் நிரம்பும் அன்று தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வரும். வாய்க்காலின் அடியே தூம்பைவிட உயரம் என்றால் எந்தக் குழாயைப் போட்டும் பயனில்லை.

வாட்டம் இருந்தும் தேங்கினால் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர். முற்றத்துக்கு வடியும் கூரையும் முற்றமுமாக 200 சதுர மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். நொடிக்கு ஏறக்குறைய 2.8 லிட்டர். 75 மி.மீ. பிவிசி குழாய், 100 அடிக்கு 1 அடி வாட்டத்தில், அதற்கே திணறும். 110 மி.மீ. குழாய் நொடிக்கு 7 லிட்டர் வரை தள்ளும். பழைய கல் தூம்பை அடைத்துவிட்டு 75 மி.மீ. குழாயைச் சொருகியிருப்பதுதான் பல வீடுகளில் நோயின் மூலம். வாயில் இலைக்குச் சல்லடை வேண்டும். ஆனால் சல்லடையின் துளைகளெல்லாம் சேர்ந்து குழாயின் வாயைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

தெருத் தண்ணீர் உள்ளே வருகிற வீட்டுக்கு, கடைசிச் சேம்பரில் (வடிகால் தொட்டியில்) ஒருவழி வால்வு வைக்கலாம். கடைக்காரர் சொல்லாத ஒன்று: வால்வு மூடியிருக்கும்வரை உங்கள் கூரைத் தண்ணீரும் வெளியே போகாது. எனவே வால்வுக்கு உட்புறம் 2,000 லிட்டர் தொட்டியும் மிதவை சுவிட்ச் வைத்த பம்பும் வேண்டும். பம்பு ஹெச்.பி.யைப் பார்த்து வாங்காதீர்கள். 10 அடி உயரத்துக்கு நிமிடம் 200 லிட்டர் தருமா என்று கேளுங்கள். மழையன்று கரண்ட் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முற்றத்தைக் கான்கிரீட் போட்டு உயர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள். தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் உள்ள இறக்கம்தான் தண்ணீரைத் தூண் அடிக்கு வராமல் காக்கிறது. உறிஞ்சுகுழி எல்லா இடத்திலும் வேலை செய்யாது: மூன்றடி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாளும் நின்றால் அந்த இடம் ஆகாது. நிரம்பிய ஊருணிக்குப் பக்கத்தில் ஐப்பசியில் குழியிலேயே தண்ணீர் ஊறியிருக்கும். கடற்கரை ஊர்களில் கடல் ஏற்றம் வாய்க்காலை முட்டி நிறுத்துவதுபோல, இங்கே நிரம்பிய ஊருணி தெரு வாய்க்காலை நிறுத்தும். ஊருணியின் கலிங்கும் (மிகைநீர் வெளியேறும் வழி) வரத்துக்காலும் (நீர் வரும் வாய்க்கால்) அடைபட்டிருந்தால், தெருவில் ஒரு வீடு மட்டும் எவ்வளவு செலவழித்தும் தப்ப முடியாது. புரட்டாசிக்குள் அதைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுங்கள்.

தண்ணீர் ஏறி இறங்கிய வீட்டில் மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள். நனைந்த சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, செதில் செதிலாகக் கழன்றுவிடும். பல வாரம் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலுமாகவே பூசுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை பூத்தால் ஆசிட் ஊற்றாதீர்கள், அது சிமெண்ட் கல், நிறமே போய்விடும். காய்ந்த தேங்காய் நாரால் துடைத்து, தரையடி ஈரம் வற்றும்வரை விட்டுவிடுங்கள்.