பிரியும் இடத்தைவிடச் சேரும் இடத்தைக் கவனியுங்கள்

அலுவலக வேலை ஓட்டத்தை வரையப் பழகுபவர்கள், அதற்கான குறியீட்டு முறையான பிபிஎம்என்-இன் (BPMN) குறிகள் அனைத்தையும் கற்க வேண்டியதில்லை. 2011-இல் வந்த அதன் 2.0 பதிப்பில் குறிகள் ஏராளம். ஆரம்பத்துக்குச் சில போதும்: மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, முனை மழுங்கிய செவ்வகம் வேலை, சாய்சதுரம் கேட்வே, அதாவது பாதைகள் பிரியும் அல்லது சேரும் இடம். நிறுவனத்துக்கு ஒரு பூல் எனும் பெரிய பெட்டி. அதற்குள் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு லேன் எனும் பட்டை.

தவறு அதிகம் நடப்பது கேட்வேயில்தான். ஒரு பில் வருகிறது. தொகை வரம்புக்குள் இருந்தால் கணக்குப் பிரிவே ஒப்புதல் தரும், மீறினால் மேலாளர். பெருக்கல் குறி போட்ட கேட்வே இது, ஒரு பாதைதான் திறக்கும். இரு பாதைகளும் மீண்டும் சேரும் இடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டால், இரண்டு பக்கமிருந்தும் வரட்டும் என்று அது காத்து நிற்கும். வருவதோ ஒன்றுதான், பில் அங்கேயே முடங்கிவிடும். இதற்கு நேர்மாறும் உண்டு. கூட்டல் குறியில் பிரிந்து ஒரே சமயத்தில் நடக்கும் இரண்டு சரிபார்ப்புகளைப் பெருக்கல் குறியில் சேர்த்தால், அடுத்து வரும் 'பணம் செலுத்து' இரண்டு முறை ஓடும். கேட்வே இல்லாமல் இரண்டு அம்புகளையும் நேரே அந்த வேலைக்குள் விட்டாலும் இதே கதிதான். படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. தொடக்க வட்டத்தில் ஒரு நாணயத்தை வைத்து அம்பு வழியே நகர்த்துங்கள். கூட்டல் குறியில் பிரியும்போது இன்னொன்றைச் சேருங்கள். பிழை தானாக வெளிப்படும்.

மேம்பாடு என்றதும் வேலைக் கட்டங்களைத் தானியங்கியாக்க ஓடாதீர்கள். முதலில் இன்று நடப்பதை நடக்கிறபடியே வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் கைவேலை எவ்வளவு நேரம், காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பில்லைப் பதிய 5 நிமிடம், ஒப்புதலுக்கு 3 நிமிடம். ஆனால் ஒப்புதலுக்காகக் கிடப்பது 2 நாள் என்றால், பதிவை இயந்திரத்திடம் கொடுத்து மிச்சப்படுத்துவது வெறும் 5 நிமிடம். லேன் தாண்டும் அம்புகளை முதலில் பாருங்கள். கை மாறும் இடத்தில்தான் வேலை தேங்கும்.

நினைவூட்டலுக்கு ஒப்புதல் கட்டத்தின் விளிம்பில் டைமர் வைக்கலாம். அதன் வட்டம் விட்டுவிட்டு வரும் கோட்டில் இருக்கட்டும். முழுக்கோட்டில் வரைந்தால், நேரம் முடிந்ததும் ஒப்புதல் வேலையே ரத்தாகிவிடும்.

வரைந்ததை அந்த வேலையை அன்றாடம் செய்பவரிடம் காட்டி, "பில்லில் தப்பு இருந்தா யார்கிட்ட திருப்பி அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். திரும்பிப் போகும் அந்த அம்பு பெரும்பாலான முதல் வரைவுகளில் இருப்பதில்லை.